கதையை முன்னால் சொல்லிவிடாதீர்கள்

ஈப்போ,
14-8-1955

அன்புள்ள ஆச்சிக்கு,

தம்பி நாச்சியப்பன் வணக்கத்துடன் எழுதுவது. கப்பலிறங்கி, ரயிலேறி, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் ஈப்போ வந்து சேர்ந்தேன். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? பெரியப்பச்சி நலமா? முத்தாள் நலமா?

வட்டிக்கடைக் கிட்டங்கி என்று பெரிதாகச் சொன்னார்களே, அது ஒரு நீளமான கூடம், அவ்வளவுதான். மேலாளுக்கு உதவியாக அடுத்தாட்களாக இருக்கிற நாங்கள் எல்லாரும் அதிலேயே உட்கார்ந்து கணக்கு எழுதி, அதிலேயே சாப்பிட்டு, அதிலேயே பாய் விரிக்கிறோம். பேனாவை வைத்தால் விரல் நிமிர மறுக்கிறது. மூன்று வருஷக் கணக்கு முடிந்து ஊர் திரும்புகிற வரைக்கும் இப்படித்தான் என்று மேலாள் முதல் நாளே சொல்லிவிட்டார். ஆத்தாவும் அப்பச்சியும் இல்லாத வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள் என்ற தைரியத்தில்தான் முத்தாளை விட்டுவிட்டு வந்தேன். கல்யாணச் சேலையின் மடிப்புக்கூடக் கலையவில்லை அவளுக்கு.

ஒரு நல்ல சேதி. நம் வீட்டுக்கு வருகிற வாரப் பத்திரிகை இங்கும் வருகிறது. சமையல்காரர் பிச்சைமுத்து காசு கொடுத்து வாங்குகிறார். அதனால் அவர் முதலில் படிப்பார், பிறகுதான் மேலாளே படிக்கலாம். ‘உப்பங்கழி மோகினி’ என்று ஒரு தொடர்கதை தொடங்கியிருக்கிறது, பார்த்தீர்களா? உப்பளத்துக் காவல் சாவடியில் தனியாக இருக்கிற குமாஸ்தாவிடம் ஈரத்தலையோடு ஒரு பெண் வந்து ஒரு பிடி உப்புக் கேட்கிறாளே, அதைப் படித்த அன்று எங்கள் கூடத்தில் ஒருவரும் பின்கட்டுக்குத் தனியாகப் போகவில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கடிதம் ஆகாயத்தில் வந்துவிடுகிறது, பத்திரிகையோ கப்பலில் ஒரு மாதம் கழித்துத்தான் வருகிறது. நீங்கள் எனக்கு முன்னால் படித்துவிடுவீர்கள். அடுத்து என்ன நடந்தது என்று எழுதிவிடாதீர்கள். இங்கே எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி
நாச்சியப்பன்


அரிமளம்,
30-8-1955

என் தம்பி நாச்சியப்பனுக்கு,

ஆச்சி ஆவுடையாள் ஆசி சொல்லி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் இருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? அங்கே மழை ஓயாதாமே, தலையைத் துவட்டிக்கொள்.

கடிதம் வந்ததும் பெரியப்பச்சி முதலில் வாங்கிப் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். வழக்கம்தான், உனக்குத் தெரியும். கதைப் பேச்சு வந்த இடத்தில் மட்டும் தொண்டையைக் கனைத்தார்.

கதையை முன்னால் சொல்ல மாட்டேன். வாயைக் கட்டிக்கொள்வது எனக்கென்ன புதிதா?

பத்திரிகை இங்கே வெள்ளிக்கிழமை வருகிறது. திருமயம் பஸ்ஸில் தபால் பை இறங்கினதுமே எனக்கு அடுப்படியில் வேலை ஓடாது. ஆனாலும் உடனே பிரிக்க மாட்டேன். சாப்பாடு முடிந்து, ஏனங்கள் கவிழ்த்து, பெரியப்பச்சி கண்ணயர்ந்த பிறகு இரண்டாங்கட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டுதான் பிரிப்பேன். படத்தைக் கையால் மறைத்துக்கொள்வேன். படத்தை முதலில் பார்த்துவிட்டால் கதை கொஞ்சம் செத்துவிடுகிறது. நான் வாய்விட்டுப் படிக்க, முத்தாள் எதிரில் உட்கார்ந்து கேட்கிறாள். அவள் மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் இல்லையா, எழுத்துக் கூட்டத்தான் வரும். நான் படித்து முடித்த பத்தியை அவள் விரல் வைத்துத் திரும்பப் படிக்கிறாள். ஒரு மத்தியானம் முழுக்க அதிலேயே போய்விடுகிறது.

உன் பெண்டாட்டிக்குப் பயமே இல்லை. நீ படித்த முதல் வாரத்திலேயே மோகினிக்கு நிழலில்லை என்று வருகிறதே, அதைப் படித்தபோது எனக்கு முதுகு சிலிர்த்தது. அவள், “உப்பு மேட்டுல நின்னா யாருக்குத்தான் நெழலு சரியாத் தெரியும், ஆச்சி? கண்ணு கூசும்ல” என்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. இந்த வீட்டில் நான் சிரித்து எத்தனை காலமாயிற்று.

முத்தாள் சுகம். நீயும் சுகமாக இரு.

ஆச்சி
ஆவுடையாள்


ஈப்போ,
6-11-1955

அன்புள்ள ஆச்சிக்கு,

நாச்சியப்பன் எழுதுகிறேன். நடுவில் காய்ச்சலாகக் கிடந்தேன், இங்கே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கிச் சாப்பிட்டு இப்போது தேவலை. நீங்களும் முத்தாளும் எப்படி இருக்கிறீர்கள்?

மோகினிக்குச் செம்பவளம் என்று பெயர் சொல்லியாகிவிட்டது இங்கே. அவள் உயிரோடு இருந்தபோது யாருடைய மகள் என்பதுதான் தெரியவில்லை. சாவடிக் குமாஸ்தாவின் சொந்த அக்காளாக இருப்பாள் என்பது என் ஊகம். பிச்சைமுத்து அண்ணன் இல்லை என்கிறார். உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். சிரித்துக்கொண்டு பேசாமல் இருங்கள்.

இந்த ஊர்க்காரர்களுக்கும் ஒரு மோகினி உண்டு, ஆச்சி. பிள்ளைப்பேற்றில் இறந்தவளாம், வாழை மரத்தில் இருப்பாளாம். எங்கள் பின்கட்டு வாழைக்கு அந்தப் பக்கம்தான் குளியலறை. நான் பகலிலேயே குளித்துவிடுகிறேன்.

வேலையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நேற்று எழுதிய பக்கமும் இன்று எழுதிய பக்கமும் ஒன்றுபோலவே இருக்கின்றன. சில நாள் மாலையில் என் பெயரை யாராவது கூப்பிட்டால்கூடச் சட்டென்று திரும்பத் தோன்றுவதில்லை.

முத்தாள் ஏன் ஒரு வரியும் எழுதுவதில்லை? எழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் கடிதத்தின் ஓரத்தில் கையெழுத்தாவது போடச் சொல்லுங்கள்.

நாச்சியப்பன்


அரிமளம்,
22-1-1956

தம்பி நாச்சியப்பனுக்கு,

ஆச்சி எழுதுகிறேன். பொங்கல் கழிந்தது. உன் காய்ச்சல் திரும்ப வரவில்லையே? பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது. கை ஓயவில்லை, கை ஓய்ந்தபோது மனசு ஓடவில்லை.

மழை இந்த வருஷம் பின்கட்டு ஓட்டைப் பிரித்துவிட்டது. பெரியப்பச்சிக்கு இருமல் இருக்கிறது. முத்தாள் இருக்கிறாள்.

உன்னிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். குடுமியான்மலைப் பக்கத்தில் நமக்குத் தூரத்து உறவில் ஒரு சின்னப் பெண். நன்றாக இருந்தவள் திடீர் திடீரென்று விழுந்துவிடுகிறாள். கை காலை வெட்டி இழுக்கிறதாம், வாயில் நுரை வருகிறதாம், பிறகு அசந்து தூங்கிவிடுகிறாளாம். எழுந்தால் ஒன்றும் நினைவில்லை. இரும்புச் சாவியைக் கையில் கொடுக்கிறார்கள். வேறு பேச்சும் பேசுகிறார்கள். ஈப்போவில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அங்கே யாரிடமாவது விசாரித்து எழுது. மருந்து உண்டா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும்.

ஓரத்தில் முத்தாளைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். அப்புறம் போடுகிறேன் என்றாள்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

ஆவுடையாள்


ஈப்போ,
9-2-1956

அன்புள்ள ஆச்சிக்கு,

நாச்சியப்பன் எழுதிக்கொள்வது. நான் நலம். பெரியப்பச்சி இருமலுக்குச் சித்தரத்தை கொடுக்கிறீர்களா?

நீங்கள் கேட்டதை விசாரித்தேன். ஆஸ்பத்திரியில் ஞானமணி என்று நம் பக்கத்து ஆள், கட்டுப் போடுகிற டிரஸ்ஸர் ஒருவர் இருக்கிறார். அது மூளை நரம்பு சம்பந்தப்பட்ட வியாதி, காற்றுக் கருப்பு ஒன்றும் கிடையாது என்றார். தினம் தவறாமல் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் அடங்கிப்போகுமாம். விழும்போது ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, சாவியால் பிரயோஜனமில்லை என்றார். புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரியிலேயே அந்த மாத்திரை கிடைக்கும் என்றும் சொன்னார். அந்தப் பெண்ணின் வீட்டாரிடம் சொல்லுங்கள். பாவம், கல்யாணமாக வேண்டிய பெண்ணாக இருக்கும்.

ஆச்சி, போன கடிதத்தில் கதையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையே. சொல்லாதீர்கள் என்று நான் கேட்டது அடுத்த வாரக் கதையைத்தானே? படித்து முடித்த வாரங்களைப் பேசலாம். உங்களோடு பேசாவிட்டால் எனக்குப் பாதி ருசி இல்லை.

முத்தாள் எப்படி இருக்கிறாள்? “இருக்கிறாள்” என்றால் என்ன அர்த்தம்?

நாச்சியப்பன்


அரிமளம்,
4-3-1956

தம்பிக்கு,

ஆச்சி எழுதுகிறேன். எல்லாரும் ஏதோ இருக்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

நீ விசாரித்து எழுதியது பெரிய உபகாரம். அந்தப் பெண் மாத்திரை சாப்பிடுகிறாள்.

வீட்டுக்குப் பத்திரிகை வருவது நின்றுவிட்டது. இனி நீதான் எனக்கு முன்னால் படிப்பவன். என்னைப்போல் நீயும் சொல்லாமல் இரு. என்றைக்காவது படித்துக்கொள்கிறேன்.

வேறு விசேஷமில்லை.

ஆவுடையாள்


ஈப்போ,
20-5-1956

ஆச்சிக்கு,

நாச்சியப்பன் எழுதுகிறேன். நலம் கேட்டு எழுத இன்று மனம் வரவில்லை, மன்னியுங்கள்.

பெரியப்பச்சியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. முத்தாளைப் பிசாசு பிடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார். கோடாங்கியை வைத்துக் கேட்டதில் அது தன் பெயரைத் தானே சொல்லிவிட்டதாம், செம்பவளமாம். நீங்கள் வீட்டில் பேய்க்கதை படித்துக் கூப்பிட்டு வைத்தீர்களாம். முத்தாளை ராயவரத்தில் அவள் ஆத்தா வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது, பஞ்சாயத்தில் வைத்துத் தீர்த்துவிடலாம், ஆவணிக்குள் வேறு பெண் பார்த்துவிடுகிறேன், நீ சம்மதம் என்று ஒரு வரி எழுது என்கிறார்.

குடுமியான்மலையில் நமக்கு எந்த உறவும் கிடையாது, ஆச்சி. அது எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும்.

எத்தனை மாதமாக இது நடக்கிறது? ஏன் என்னிடம் மறைத்தீர்கள்? நான் இங்கே உட்கார்ந்து மோகினி யாருடைய மகள் என்று ஊகம் எழுதிக்கொண்டிருந்தேனே.

பெரியப்பச்சி சொல்லை நான் இதுவரை மீறியதில்லை. இந்த வேலையே அவர் சொல்லிக் கிடைத்தது. முத்தாளோ, உண்மையைச் சொன்னால், எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத பெண். என்ன செய்வதென்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

நாச்சியப்பன்


அரிமளம்,
1-6-1956

என் தம்பி நாச்சியப்பனுக்கு,

ஆச்சி எழுதுகிறேன். இதை நம் வீட்டில் உட்கார்ந்து எழுதவில்லை. பள்ளிக்கூடத்து அமராவதி டீச்சர் வீட்டில் இருந்து எழுதுகிறேன். பதிலையும் டீச்சர் விலாசத்துக்கே போடு.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம். நான் படித்துக்கொண்டிருந்தேன். முத்தாள் கேட்டுக்கொண்டே இருந்தவள் ஒரு பக்கமாகச் சரிந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். பிறகு வெட்டி இழுத்தது. நான் போட்ட சத்தத்தில் பெரியப்பச்சி எழுந்து வந்துவிட்டார். பத்திரிகை அவள் பக்கத்திலேயே விரிந்து கிடந்தது, படத்தில் அந்த மோகினி. அவர் அதையும் பார்த்தார், இவளையும் பார்த்தார்.

அதற்குப் பிறகு கார்த்திகையில் ஒரு முறை, மார்கழியில் கிணற்றடியில் ஒரு முறை. தலையில் அடிபட்டது. அப்போதே உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை. நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. மருந்து உண்டு என்று ஆன பிறகு சொன்னால் நீ பயப்பட மாட்டாய் என்று நினைத்தேன். மறைத்தேன் என்கிறாய். ஆமாம், மறைத்தேன்.

மாசி பிறந்ததும் பெரியப்பச்சி கோடாங்கியை அழைத்து வந்தார். வளவு முற்றத்தில், எல்லாரும் பார்க்க. நான் வேண்டாம் என்று சொன்னேன். புருஷன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறவள் நல்ல காரியத்தில் வாய் திறக்காதே என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

உடுக்கை அடித்தார்கள். கோடாங்கி அவளை ஈரச்சேலையோடு உட்காரவைத்து வேப்பங்குழையால் தோளிலும் முதுகிலும் அடித்து, “யாரு நீ, பேரைச் சொல்லு” என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அவள், நான் முத்தாள், நான் முத்தாள் என்று மட்டும் சொன்னாள். அப்படிச் சொல்லும்போதெல்லாம் அடி கூடியது. கடைசியில் தலையைத் தூக்கி, “செம்பவளம்” என்றாள்.

உடுக்கை நின்றது. பெரியப்பச்சி என் பெட்டியைத் திறந்து பத்திரிகைகளை எல்லாம் அள்ளிக்கொண்டுபோய் நெல் அவிக்கிற அடுப்பில் போட்டார்.

அன்று சாயங்காலம் அவள் முதுகுக்கு எண்ணெய் தடவும்போது ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

“ஒரு பேரு கேட்டாங்க ஆச்சி. என் பேரைச் சொன்னா அவங்களுக்குப் போதலை. அடி நிக்கணும்ல. கதையில இருந்து ஒண்ணு எடுத்துக் குடுத்தேன்” என்றாள்.

தம்பி, அந்த வீட்டில் அன்றைக்குப் புத்தி தெளிவாக இருந்தவள் அவள் ஒருத்திதான்.

மறுநாள் உன் கடிதம் வந்தது, மாத்திரை உண்டு என்று. பெரியப்பச்சி அதையும் முதலில் படித்தார். என் கையில் போட்டுவிட்டுப் போனார். நான் முத்தாளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். புதுக்கோட்டை டாக்டர் உன் டிரஸ்ஸர் சொன்னதையேதான் சொன்னார். மாத்திரை தொடங்கிய பிறகு பங்குனி முழுக்க ஒன்றுமில்லை. சித்திரையில் ஒரே ஒரு முறை, அதுவும் லேசாக வந்தது. பெரியப்பச்சிக்கு அது போதுமாயிருந்தது. ராயவரத்திலிருந்து ஆள் வரவழைத்து அனுப்பிவிட்டார்.

பேய்க்கதை படித்து நான்தான் கூப்பிட்டுவைத்தேன் என்கிறார்கள். உன் அத்தான் பர்மாவில் என்ன ஆனார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சண்டைக் காலத்தில் அங்கிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்களை எல்லாம் போய்ப் பார்த்தேன். பாதி வழியில் பார்த்தோம் என்றார் ஒருவர், ரங்கூனிலேயே என்றார் இன்னொருவர். பேய் என்று ஒன்று இருந்தால் அவர் ஒரு தடவையாவது என்னிடம் வந்து, நான் இல்லை ஆவுடை, என்று சொல்லிவிட்டுப் போயிருக்க மாட்டாரா? வரவில்லை. அதனால்தான் எனக்கு இந்தக் கதைகள் பிடிக்கின்றன. அவற்றில் வருகிறார்கள்.

நீ முடிவு செய்ய வேண்டும். எனக்குச் சொல்லத் தெரிந்ததைச் சொல்லிவிட்டேன். ரொம்பக் களைப்பாக இருக்கிறது.

ஆச்சி
ஆவுடையாள்


அரிமளம்,
26-8-1956

தம்பிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

டீச்சர் வீட்டுக்கும் உன் கடிதம் வரவில்லை, நம் வீட்டுக்கும் வரவில்லை. தபால்காரர் என்னைப் பார்த்ததும் தூரத்திலேயே கையை விரிக்கிறார்.

ராயவரத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டுத் தாயத்துக் கட்டியிருந்தார்கள். மறுபடியும் விழுந்திருக்கிறாள். இப்போது நானே மாத்திரையை வாங்கிக்கொண்டு, திருமயத்தில் பஸ் மாறிப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன். அவள் ஆத்தா நல்லவள்தான், பயந்தவள். என் முன்னால் தலையாட்டுகிறாள். நான் திரும்பியதும் என்ன செய்கிறாளோ.

முத்தாள் உன்னைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை.

பெரியப்பச்சி நேற்று மேற்கே ஒரு ஊருக்குப் பெண் பார்க்கப் போய்விட்டு வந்தார். உன் சம்மதம் வந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை. இனி உன்னைக் கேட்டும் எழுத மாட்டேன்.

மழைக்காலம் வருகிறது. பின்கட்டு ஓடு இன்னும் அப்படியே இருக்கிறது.

ஆவுடையாள்


ஈப்போ,
14-9-1956

அன்புள்ள ஆச்சிக்கு,

நாச்சியப்பன் எழுதுகிறேன். உங்கள் இரண்டு கடிதமும் என் தலையணைக்கு அடியில் இருக்கின்றன. நான் உடம்புக்கு நலம் என்று எழுதலாம். வேறெதற்கும் எழுத முடியாது.

பெரியப்பச்சிக்குச் சம்மதம் என்று எழுதினேன், ஆச்சி. ஒரு முறை இல்லை, பல முறை. ஒவ்வொரு முறையும் தபாலில் போடாமல் கிழித்துவிட்டேன். மாட்டேன் என்றும் எழுதினேன், அதையும் கிழித்தேன். பகலெல்லாம் அடுத்தவர் கணக்கை எழுதிவிட்டு வந்தால் என்னுடையது எது என்று யோசிக்கவே தெம்பில்லை. எது நடந்தாலும் நடக்கட்டும் என்று படுத்துவிடுவேன்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த டிரஸ்ஸரை மறுபடி பார்த்தேன். இந்த வியாதிக்காரப் பெண்ணோடு ஒருவன் குடித்தனம் செய்ய முடியுமா என்று கேட்டேன். யாருக்காகக் கேட்கிறீர்கள் என்றார். தெரிந்தவர் ஒருவருக்கு என்றேன். நீங்கள் என்னிடம் சொன்ன அதே பொய்யை நான் அவரிடம் சொன்னேன். அவர் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த கையை விடாமலே, “எங்க அம்மாவுக்கு உண்டுங்க. அடுப்புப் பக்கம் மட்டும் எங்கப்பா தனியா விடமாட்டாரு. கூடவே நிப்பாரு. அவ்வளவுதாங்க” என்றார். வெளியே வந்து மரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடுப்புப் பக்கத்தில் நிற்க முடியாத தூரத்தில் இருக்கிறோமே என்றுதான் தோன்றிக்கொண்டிருந்தது.

இன்று பெரியப்பச்சிக்கு எழுதித் தபாலிலும் போட்டுவிட்டேன். எனக்கு வேறு பெண் வேண்டாம், முத்தாளை உடனே அரிமளத்துக்கு அழைத்து வாருங்கள், மாத்திரை விஷயத்தில் ஆச்சி சொல்வதுதான் சொல், அதற்கு ஒப்பவில்லை என்றால் வீட்டில் எங்கள் பாகத்தைத் தனியாக விட்டுவிடுங்கள் என்று எழுதினேன். அவர் மேலாளுக்கு என்ன எழுதுவாரோ, இந்த வேலை நிலைக்குமோ என்னவோ.

கதை முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது என்று சொல்ல மாட்டேன். பிச்சைமுத்து அண்ணன் முதல் வாரத்திலிருந்து எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தார். யாருக்கு என்று சொன்னேன். மறுபேச்சில்லாமல் கட்டிக் கொடுத்தார். ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன்.

நாச்சியப்பன்


அரிமளம்,
9-12-1956

தங்களுக்கு,

முத்தாள் எழுதுவது. இது நானே எழுதுவது. ஆச்சி பக்கத்தில் இல்லை, புதுக்கோட்டைக்கு மாத்திரை வாங்கப் போயிருக்கிறார்கள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். தாங்கள் சுகமா? நான் சுகம்.

ஐப்பசிக் கடைசியில் ஆச்சி வந்து என்னை அழைத்துக்கொண்டு வந்தார்கள். பெரியப்பச்சி எங்களோடு பேசுவதில்லை. நடுவில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சமையல் தனித்தனி. அவர்கள் இருமுவது கேட்கும்போது ஆச்சி கஷாயம் வைத்துக் கதவு ஓரத்தில் வைக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் டம்ளர் காலியாக இருக்கும்.

எனக்கு இந்த மாசம் ஒன்றும் வரவில்லை. போன மாசம் பஸ்ஸில் வந்தது. எழுந்தபோது யாரோ ஒரு அம்மாள் மடியில் என் தலை இருந்தது. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இனிமேலும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

தாங்கள் அனுப்பிய கட்டு வந்தது. எனக்கு முதலில் தொடப் பிடிக்கவில்லை. அந்தப் பெயரைக் கண்டால் முதுகு எரிகிறது. ஆச்சி கட்டாயப்படுத்தவில்லை. அவர்கள் மட்டும் தனியாக உட்கார்ந்து மனசுக்குள் படித்தார்கள். மூன்று நாள் பார்த்தேன். பிறகு நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மோகினி ஒன்றும் செய்யவில்லை, பாவம். அவளுக்குப் பசி. ஆச்சி இன்னும் கடைசி வாரத்தைப் பிரிக்கவில்லை. பிரித்தால் முடிந்துவிடுமாம்.

தங்கள் முகம் எனக்குச் சரியாக நினைவில் இல்லை. கல்யாணப் படத்தில் தாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அதற்காகத் தப்பாக நினைக்க வேண்டாம். தங்களுக்கும் என் முகம் அப்படித்தான் இருக்கும்.

பெரியப்பச்சிக்குத் தாங்கள் எழுதிய கடிதத்தை அவர்கள் வாசலில் போட்டுவிட்டார்கள். ஆச்சி எடுத்து வைத்திருந்தார்கள். நான் அதை இரண்டு மூன்று தடவை படித்தேன். வேறு பெண் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். அழைத்து வாருங்கள் என்று எழுதியிருந்தீர்கள். பாகத்தைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். எல்லாம் சரிதான். முத்தாள் எனக்கு வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. கடிதத்தைத் திருப்பியும் பார்த்தேன்.

வேண்டாம் என்று தோன்றினால் அதையே எழுதலாம். நான் விழ மாட்டேன். ஆனால் எதுவானாலும் ஆச்சிக்கு எழுத வேண்டாம், பெரியப்பச்சிக்கும் எழுத வேண்டாம். என் பெயர் போட்டு எனக்கு எழுதுங்கள். நானே பிரித்துப் படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு
முத்தாள்